புதிதாக டிராயிங் டேப்லெட் பழகுபவர்களுக்கு: பெட்டியைப் பிரிப்பதிலிருந்து முதல் படம் வரை

கிராஃபிக்ஸ் டேப்லெட்டை, அதாவது அதற்கான பேனாவால் வரைந்தால் கோட்டைக் கம்ப்யூட்டர் திரையில் காட்டும் பலகையை, கையில் எடுத்த முதல் வாரத்தில் எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "அக்கா, கை கீழே இருக்கு, கோடு மேலே ஸ்கிரீன்ல வருது, எனக்கு இது சரிப்பட்டு வராது போல." சரிப்பட்டு வரும். காகிதத்தில் அழகாக வரைகிறவர்களுக்கும் முதலில் கை கேட்காது, ஏனென்றால் வரைகிற இடமும் பார்க்கிற இடமும் இத்தனை வருஷம் ஒன்றாக இருந்துவிட்டு இப்போது இரண்டாகப் பிரிந்திருக்கிறது, அதற்குக் கண்ணும் கையும் பழக வேண்டும், அதற்கு நாள் பிடிக்கும், அவ்வளவுதான் விஷயம்.

புதுச்சேரி முத்தியால்பேட்டையில் என் வீட்டு முன்னறையில் சில பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கிறேன். வில்லியனூரிலிருந்து வருகிறார்கள், கடலூரிலிருந்து பஸ் ஏறி வருகிறவர்களும் உண்டு. இடையில் விட்டுவிடுகிறவர்களில் பெரும்பாலோர் திறமை இல்லாமல் விடுவதில்லை. டேப்லெட்டின் செட்டிங் கோணலாக இருக்கும்போதே நேராகப் படம் வரைய உட்கார்ந்து, கோடு கோணலாக வந்ததும் பழியைத் தங்கள் கைமேல் போட்டுக்கொள்கிறார்கள். அதனால் இந்த வழிகாட்டி போகும் வரிசை இதுதான்: முதலில் செட்டிங், அப்புறம் கை, கடைசியில்தான் படம். இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள்.

எதை வாங்குவது

மூன்று வகை இருக்கிறது. ஸ்கிரீன் இல்லாத வெறும் பலகை, கம்ப்யூட்டரோடு இணைத்து அதன் திரையைப் பார்த்தபடி வரைவது. ஸ்கிரீன் உள்ள டேப்லெட், அதன் மேலேயே வரையலாம், ஆனால் அதற்கும் கம்ப்யூட்டர் வேண்டும், விலையும் பல மடங்கு. மூன்றாவது, ஐபேட் மாதிரி தனியாகவே இயங்குவது. புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது எப்போதும் முதல் வகை. 5000 ரூபாய்க்குள் நல்ல பலகை கிடைக்கும், நாளைக்கு உங்களுக்கு இதில் ஈடுபாடு இல்லை என்று தெரிந்தாலும் பெரிய நஷ்டம் இல்லை, அதோடு நிமிர்ந்து உட்கார்ந்து திரையைப் பார்ப்பதால் கழுத்துக்கும் நல்லது.

அளவைப் பற்றி நிறையக் குழப்பம் இருக்கிறது, ஒரு கணக்குப் போட்டால் தெளிந்துவிடும். ஹூயான் எச்640பி போன்ற சிறிய பலகையில் வரையும் பரப்பு 160 மி.மீ. அகலம், 100 மி.மீ. உயரம். 15.6 இஞ்ச் லேப்டாப் திரையின் அகலம் சுமார் 345 மி.மீ. அதாவது கை 1 மி.மீ. நகர்ந்தால் திரையில் கோடு 2 மி.மீ.க்குக் கொஞ்சம் மேலே நகரும். இதே பலகையை 24 இஞ்ச் மானிட்டரில் மாட்டினால், அதன் அகலம் சுமார் 531 மி.மீ., அங்கே கையின் 1 மி.மீ. நடுக்கம் திரையில் 3.3 மி.மீ. நடுக்கமாகத் தெரியும். எனவே லேப்டாப்பில் வேலை செய்கிறவருக்குச் சின்னது போதும். பெரிய மானிட்டர் வைத்திருப்பவர் எக்ஸ்பி-பென் டெகோ 01 மாதிரி 254 மி.மீ. அகலம் உள்ள நடுத்தர அளவுக்குப் போவது நல்லது. ரொம்பப் பெரியது வேண்டாம், மேசையில் கீபோர்டுக்கு இடம் இருக்காது.

பேனாவை அழுத்துவதை எத்தனை படியாகப் பிரித்து உணரும் என்று விளம்பரத்தில் பெரிதாகப் போடும் அழுத்த அளவு எண்களை, 2048, 4096, 8192, 16384 என்று எத்தனை போட்டிருந்தாலும், தொடக்கத்தில் கண்டுகொள்ள வேண்டாம். 2048க்கும் 8192க்கும் உள்ள வித்தியாசத்தைப் பழகிய கையே உணர்வது கஷ்டம். முக்கியமானது, எவ்வளவு லேசாகத் தொட்டாலே கோடு தொடங்குகிறது என்பது, அதைப் பெட்டியின் மேல் யாரும் அச்சிடுவதில்லை. இன்னொன்றைக் கட்டாயம் பாருங்கள்: பேட்டரி இல்லாத பேனாவாக இருக்க வேண்டும். பலகைக்குள் மெல்லிய கம்பி வலை இருக்கிறது, அது அனுப்பும் மின்காந்த அலையில் பேனாவுக்குள் இருக்கும் சுருள் அதிர்ந்து பதில் சொல்கிறது, அதை வைத்துத்தான் பேனா எங்கே இருக்கிறது, எவ்வளவு அழுத்துகிறது என்று பலகை கண்டுபிடிக்கிறது. அதனால் பேனாவுக்குச் சார்ஜ் தேவையில்லை. இதே காரணத்தால்தான் பேனா பலகையைத் தொடாமல் ஒரு சென்டிமீட்டர் உயரத்தில் இருக்கும்போதே திரையில் கர்சர் நகர்கிறது. இந்த மிதப்பை நினைவில் வையுங்கள், பயிற்சியின் பாதி அதில்தான் இருக்கிறது.

ஞாயிறு சந்தையிலோ தெரிந்தவரிடமோ பழைய டேப்லெட் கிடைத்தால் தாராளமாக வாங்கலாம், ஆனால் அதன் சொந்தப் பேனாவும் கூட வர வேண்டும். ஒரு கம்பெனியின் பேனா இன்னொரு கம்பெனியின் பலகையில் பெரும்பாலும் வேலை செய்யாது. ஒரே கம்பெனிக்குள்ளேயே மாடலுக்கு மாடல் மாறும்.

மேசையில் எப்படி வைப்பது

மவுஸ் வைக்கும் இடத்தில், திரைக்கு வலது பக்கமாக டேப்லெட்டை வைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் பழக்கம். அப்படி வைக்கக் கூடாது. திரையின் நடுவுக்கு நேர் கீழே, உங்கள் மார்புக்கு நேராக வையுங்கள். கீபோர்டை இடது பக்கம் தள்ளிவிடுங்கள், இடது கை அதன்மேல் இருக்கட்டும். இடது கையால் வரைகிறவர்கள் இதை அப்படியே மாற்றி வைத்துக்கொண்டு டிரைவரில் (டேப்லெட்டைக் கம்ப்யூட்டரோடு பேச வைக்கும் மென்பொருள்) 180 டிகிரி திருப்பினால் பட்டன்கள் வலது பக்கம் வந்துவிடும்.

பலகையின் மேல் விளிம்பு திரையின் விளிம்புக்கு இணையாக இருக்க வேண்டும். நோட்டுப்புத்தகத்தைச் சாய்த்து வைத்து எழுதும் பழக்கம் நமக்கெல்லாம் உண்டு, ஆனால் பலகையைச் சாய்த்தால் திரை அதோடு சேர்ந்து சாயாது, நீங்கள் நேராக இழுத்த கோடு அங்கே ஏறிக்கொண்டு போகும். சோதித்துப் பார்க்க எளிய வழி: பலகையைப் பார்க்காமல், திரையை மட்டும் பார்த்து இடமிருந்து வலமாக ஒரு கோடு சாதாரணமாக இழுங்கள். நாலைந்து தடவை இழுத்தும் எல்லாமே ஒரே பக்கமாகச் சாய்ந்தால், உங்கள் கையைத் திருத்தப் போராட வேண்டாம், பலகையைக் கொஞ்சம் திருப்பி வையுங்கள்.

நம் ஊருக்கென்று ஒரு தொல்லை இருக்கிறது, வியர்வை. கடற்கரை ஊரில் ஏப்ரல் மாதத்துக்கு அப்புறம் ஃபேன் ஓடினாலும் உள்ளங்கைப் பக்கவாட்டு ஈரம் பலகையில் ஒட்டிக்கொள்ளும், கோடு நடுவில் பிடித்து இழுத்தது மாதிரி விக்கும். இரண்டு விரல் மட்டும் மூடும் கையுறை சில பெட்டிகளிலேயே வரும், இல்லையென்றால் தனியாக வாங்கிக்கொள்ளலாம், அதுவரை கைக்கடியில் சுத்தமான கைக்குட்டையை மடித்து வையுங்கள். அதேபோல் மணல். வீட்டுக்குள்ளும் நுண்ணிய மணல் வந்துகொண்டேதான் இருக்கும், பேனா முனைக்கும் பலகைக்கும் நடுவில் ஒரு மணல் துகள் மாட்டினால் கீறல் விழும். வரைய உட்காரும் முன் லேசாக ஈரமான துணியால் ஒரு துடைப்பு, பிறகு காய்ந்த துணியால் ஒரு துடைப்பு.

இரும்பு மேசையில் வைத்து வரையும்போது கர்சர் தானாக நடுங்கினால், அடியில் ஒரு மரப்பலகையோ தடிமனான புத்தகமோ வையுங்கள். ஃபோனையும் சார்ஜரையும் பலகையிலிருந்து தள்ளி வையுங்கள். மின்காந்த அலையை நம்பி ஓடும் கருவி என்பதால் பக்கத்தில் இருக்கும் உலோகமும் மின்சாதனங்களும் சில நேரம் தொந்தரவு செய்யும்.

டிரைவர்

செருகியதும் கர்சர் நகரும், பலர் அதோடு திருப்தி அடைந்துவிடுகிறார்கள். டிரைவர் இல்லாமல் அழுத்தம் சரியாக வேலை செய்யாது, அளவையும் மாற்ற முடியாது. விண்டோஸில் வரிசை இது:

1. டேப்லெட்டைக் கழற்றிவிடுங்கள். ஏற்கெனவே வேறு கம்பெனி டேப்லெட்டின் டிரைவர் இருந்தால் அதை நீக்குங்கள். இரண்டு டிரைவர் ஒரே கம்ப்யூட்டரில் இருந்தால் சண்டை போடும்.
2. பலகையின் பின்பக்கம் மாடல் எண் இருக்கும். அதே எண்ணைக் கம்பெனியின் சொந்த இணையதளத்தில் தேடி அங்கிருந்து மட்டும் டிரைவரை இறக்குங்கள்.
3. வரையும் மென்பொருள் எதுவும் திறந்திருக்கக் கூடாது. நிறுவி முடித்து, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்ட பிறகுதான் டேப்லெட்டைச் செருக வேண்டும்.

யூ.எஸ்.பி. ஹப் வழியாகச் செருகாமல் நேராகக் கம்ப்யூட்டரிலேயே செருகுங்கள். மேக் வைத்திருப்பவர்கள் சிஸ்டம் செட்டிங்ஸில் அக்சஸபிலிட்டி, இன்புட் மானிட்டரிங் இரண்டிலும் டிரைவருக்கு அனுமதி கொடுக்க வேண்டும், கொடுக்காவிட்டால் பேனா அசையவே அசையாது. லினக்ஸ்காரர்களுக்கு வேகாம் என்ற கம்பெனியின் பலகைகள் பெரும்பாலும் செருகியதுமே வேலை செய்யும், மற்றவற்றுக்கு ஓபன்டேப்லெட்டிரைவர் என்ற இலவச மென்பொருளைப் பாருங்கள்.

இந்த ஒரு செட்டிங்கைத் தவற விடாதீர்கள்

நீங்கள் வட்டம் வரைந்தால் திரையில் வட்டம் வருகிறதா? ஒரு டம்ளரைப் பலகையின் மேல் கவிழ்த்து அதன் விளிம்பைச் சுற்றிப் பேனாவால் வரைந்து பாருங்கள். திரையில் வருவது மேலும் கீழும் அமுங்கிய முட்டையாக இருந்தால், உங்கள் பலகையின் விகிதமும் திரையின் விகிதமும் வேறு என்று அர்த்தம்.

நான் மேலே சொன்ன 160க்கு 100 பலகையின் விகிதம் 16:10. இன்றைய திரைகளில் பெரும்பாலானவை 16:9. டிரைவர் தன்பாட்டுக்கு முழுப் பலகையையும் முழுத் திரையோடு பொருத்திவிடும், அப்போது உயரம் 10 சதவீதம் குறைந்துவிடுகிறது. 10 சதவீதம் பெரிய விஷயமா என்று கேட்கலாம். முகம் வரையும்போது பெரிய விஷயம்தான். உங்கள் கை பல வருஷமாகக் கற்ற வட்டம் ஒன்று, கண்ணுக்குத் தெரியும் வட்டம் வேறொன்று, மூளை எதை நம்பும்? நாள் கணக்கில் பயிற்சி செய்தும் கை பழகாமல் இருப்பவர்களின் டேப்லெட்டை வாங்கிப் பார்த்தால் நான் முதலில் பார்ப்பது இதைத்தான்.

டிரைவரைத் திறந்து வொர்க்கிங் ஏரியா அல்லது வொர்க் ஏரியா என்ற பக்கத்துக்குப் போங்கள். விகிதத்தைப் பூட்டும் பட்டன் இருக்கும், கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும், வேகாமில் ஃபோர்ஸ் ப்ரொப்போர்ஷன்ஸ் என்று இருக்கும். அதை அழுத்தினால் பலகையின் 100 மி.மீ. உயரத்தில் 90 மி.மீ. மட்டும் பயன்படும், கீழே 10 மி.மீ. சும்மா கிடக்கும். கிடக்கட்டும். மறுபடி டம்ளரை வைத்து வரைந்து பாருங்கள், இப்போது வட்டம் வட்டமாக வரும். இரண்டு மானிட்டர் வைத்திருந்தால், இதே பக்கத்தில் ஒரு மானிட்டரை மட்டும் தேர்ந்தெடுங்கள்.

இந்த அளவை ஒரு தடவை வைத்த பிறகு மாற்றவே மாற்றாதீர்கள். வாரத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டிருந்தால் கை எதையும் கற்காது.

அழுத்தமும் பட்டன்களும்

டிரைவரிலேயே அழுத்த வளைவு ஒன்று இருக்கும், மென்மை, கடினம் என்று இரண்டு பக்கம் நகர்த்தலாம். கை இயல்பாக அழுத்தும் அழுத்தத்தில் கோடு நடுத்தர தடிமனில் வர வேண்டும், முழுத் தடிமன் வேண்டுமென்றால் கொஞ்சம் வேண்டுமென்றே அழுத்தும்படி இருக்க வேண்டும். பால்பாயிண்ட் பேனாவை அழுத்தி எழுதிப் பழகியவர்கள் கடினம் பக்கம் ஒரு புள்ளி நகர்த்தினால் சரியாக இருக்கும். அரை மணி நேரத்தில் விரல் வலித்தால் மென்மை பக்கம் வாருங்கள்.

பேனாவில் இரண்டு பட்டன் இருக்கும். ஒன்றை ரைட் கிளிக்காக விடுங்கள், மற்றதை இப்போதைக்கு எதற்கும் வைக்காதீர்கள், பிடிக்கும்போது தெரியாமல் அழுந்தி எரிச்சலைக் கிளப்பும். பலகையில் இருக்கும் பட்டன்களில் அன்டூ (கடைசியாகப் போட்டதை நீக்குவது), பிரஷ் அளவைக் கூட்டுதல், குறைத்தல் மூன்றை மட்டும் வையுங்கள்.

விண்டோஸில் இன்னும் ஒரு வேலை இருக்கிறது. பேனாவை அழுத்திப் பிடித்தால் ஒரு வட்டம் சுழன்று ரைட் கிளிக் மெனு வரும், கோடு தொடங்கும் இடத்தில் இது பெரிய தடை. கண்ட்ரோல் பேனலில் பென் அண்ட் டச் என்ற இடத்தில் பிரஸ் அண்ட் ஹோல்ட் என்பதைத் திறந்து அதை அணைத்துவிடுங்கள்.

கிரிட்டா

எதில் வரைவது என்று கேட்டால் கிரிட்டா. இலவசம், வரைவதற்கென்றே செய்தது, விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். அதன் சொந்தத் தளத்திலிருந்து இறக்கினால் காசு இல்லை. விண்டோஸ் ஸ்டோரில் இருப்பதற்குப் பணம் கேட்பார்கள், அது அந்தத் திட்டத்துக்கு ஆதரவாகக் கொடுப்பது, மென்பொருள் ஒன்றேதான்.

திறந்ததும் செட்டிங்ஸ், கான்ஃபிகர் கிரிட்டா, டேப்லெட் செட்டிங்ஸ் என்று போங்கள். அங்கே டேப்லெட் டெஸ்டர் என்று ஒரு பட்டன் இருக்கிறது, அதில் கிறுக்கிப் பார்த்தால் அழுத்தம் வருகிறதா என்று எண்ணோடு காட்டும். அழுத்த எண் மாறாமல் ஒன்றாகவே இருந்தால், அதே பக்கத்தில் பேனாவின் அழுத்தத்தை மென்பொருளுக்குக் கொண்டுசேர்க்க வின்டேப், விண்டோஸ் இங்க் என்று இரண்டு வழி இருக்கும், ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிவிட்டு கிரிட்டாவை மூடித் திறங்கள். டிரைவரில் விண்டோஸ் இங்க் டிக் போட்டிருந்தால் இங்கேயும் அதுவே இருக்க வேண்டும். அழுத்தம் வரவில்லை என்று என்னிடம் வரும் புகார்களில் பெரும்பாலானவை இந்த இடத்தில் தீர்ந்துவிடுகின்றன.

கேன்வாஸ், அதாவது வரையும் தாள், 2000க்கு 2000 பிக்ஸல் வைத்துக்கொள்ளுங்கள். 4 ஜிபி ராம் உள்ள லேப்டாப்பில் ஏ4 தாளை 300 டிபிஐயில் (இஞ்சுக்கு 300 புள்ளி) திறந்து பத்து லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக வைக்கும் கண்ணாடித் தாள் மாதிரி அடுக்கு) போட்டால் கோடு கைக்குப் பின்னால் ஓடி வரும், அது டேப்லெட்டின் குறை என்று நினைத்துவிடுவீர்கள். பிரஷ்களில் பேசிக்-5 சைஸ் என்பதை எடுங்கள், அழுத்தத்துக்கு ஏற்பத் தடிமன் மாறும், வேறு வித்தை எதுவும் செய்யாது. முதல் மாதம் முழுக்க இந்த ஒரு பிரஷ், கூட ஒரு பென்சில், போதும். நூற்றுக்கணக்கில் பிரஷ் இறக்கி வைத்துக்கொண்டு எதில் வரைவது என்று தேடுவதிலேயே மாலை போய்விடும்.

கீபோர்டில் பழக வேண்டிய விசைகள் கொஞ்சம்தான்: பி பிரஷ், ஈ அழிப்பான் மாற்றம், சதுர அடைப்புக்குறி இரண்டும் பிரஷ் அளவு, ஸ்பேஸ் பிடித்து இழுத்தால் தாள் நகரும், 4, 6 எண்கள் தாளைத் திருப்பும், 5 நேராக்கும், எம் அழுத்தினால் படம் கண்ணாடியில் பார்ப்பது போல் திரும்பும். தாளைத் திருப்புவதைக் கூச்சப்படாமல் செய்யுங்கள். கைக்கு எந்தத் திசை வசதியோ அந்தத் திசைக்குக் கோட்டைக் கொண்டுவருவது எல்லா ஓவியர்களும் செய்வது.

கோட்டை நேராக்கித் தரும் ஸ்டெபிலைசர் கிரிட்டாவில் உண்டு. டூல் ஆப்ஷன்ஸில் ஸ்மூத்திங் என்ற இடத்தில் இருக்கும். பயிற்சிக் காலத்தில் அது பேசிக் நிலையிலேயே இருக்கட்டும். ஸ்டெபிலைசர் போட்டுப் பழகினால் நடுக்கம் மறைந்திருக்கும், போயிருக்காது.

கையைப் பழக்குதல்

முதல் சில நாட்கள் மவுஸைக் கழற்றி அலமாரியில் வைத்துவிடுங்கள். மெயில் பார்ப்பது, யூடியூப், ஃபைல் நகர்த்துவது எல்லாம் பேனாவிலேயே. எரிச்சலாகத்தான் இருக்கும், டபுள் கிளிக் பாதி நேரம் விழாது. ஆனால் திரையின் எந்த மூலைக்குப் போக வேண்டுமானாலும் கை பலகையின் அதே மூலைக்குத் தானாகப் போகும் பழக்கம் இப்படித்தான் மிக வேகமாக வரும். மவுஸை எடுத்து வேறிடத்தில் வைத்தாலும் கர்சர் பழைய இடத்திலேயே இருக்கும். இங்கே அப்படி இல்லை, பலகையின் ஒவ்வொரு இடமும் திரையின் ஒரு நிலையான இடம். அதைக் கை புரிந்துகொள்ள வேண்டும்.

பிறகு கோலம். நம் ஊரில் இதைவிட நல்ல டேப்லெட் பயிற்சி இருப்பதாக எனக்குத் தெரியவில்லை, உண்மையாகச் சொல்கிறேன்.

முதலில் புள்ளி மட்டும். நேர்ப்புள்ளி 5, 1 வரை. அதாவது வரிசையாக 1, 3, 5, 3, 1. கிரிட்டாவின் கிரிட் (கட்டக் கோடுகள்) எதையும் போடாமல், கண்ணளவில் சம இடைவெளி விட்டு வையுங்கள். ஒவ்வொரு புள்ளிக்கும் முன்னால் பேனாவை மிதக்க விட்டுக் கர்சரைப் பாருங்கள், சரியான இடம் வந்ததும் இறக்குங்கள். எல்லாப் புள்ளியும் ஒரே அளவில் இருக்க வேண்டும், அதாவது எல்லா முறையும் அழுத்தம் ஒன்றாக இருக்க வேண்டும். இது தோன்றுகிற அளவுக்குச் சுலபம் இல்லை. முதல் நாள் புள்ளிகள் கடுகும் பட்டாணியுமாக இருக்கும், பரவாயில்லை, அடுத்த பக்கம் போடுங்கள்.

அடுத்து, புள்ளி லேயரைப் பூட்டிவிட்டு, மேலே புதிய லேயரில் புள்ளிகளை நேர்கோட்டால் இணையுங்கள். இழுப்பதற்கு முன் இரண்டு புள்ளிக்கு நடுவில் காற்றிலேயே ஒரு தடவை போய் வாருங்கள், பிறகு இழுங்கள். இழுக்கும்போது கண் பேனா இருக்கும் இடத்தில் இருக்கக் கூடாது, போய்ச் சேர வேண்டிய புள்ளியில் இருக்க வேண்டும். மெதுவாக இழுத்தால் நடுங்கும், கொஞ்சம் துணிந்து இழுங்கள். நீளக் கோடு முழங்கையிலிருந்தும் தோளிலிருந்தும் வர வேண்டும், மணிக்கட்டை ஊன்றிக்கொண்டு இழுத்தால் அது வில்லாக வளையும். வாசலில் கோலம் போட்டுப் பழகியவர்களுக்கு இது சீக்கிரம் வருகிறது, அவர்களுக்குக் கையை முழுசாக வீசி இழுப்பது புதிதல்ல.

அதற்கப்புறம்தான் சிக்குக் கோலம். கோடு எந்தப் புள்ளியையும் தொடாமல், ஒவ்வொன்றையும் சுற்றி வளைந்து, தன்னையே வெட்டிக்கொண்டு போய், தொடங்கிய இடத்தில் வந்து மூட வேண்டும். இதில் டேப்லெட்டுக்குத் தேவையான அத்தனையும் இருக்கிறது: வளைவு, புள்ளியைச் சுற்றி எல்லாப் பக்கமும் சம இடைவெளி, ஒரே தடிமன், கடைசியில் முனையும் முனையும் பொருந்துவது. பேனாவை எடுக்காமல் முழுவதும் போட முடியாது என்றால் இரண்டு மூன்று துண்டாகப் போடுங்கள், ஆனால் துண்டுகள் சேரும் இடம் தெரியக் கூடாது. கிரிட்டாவில் ஒரு பக்கம் வரைந்தால் மறுபக்கம் தானாக வரும் கருவி இருக்கிறது, அதை இங்கே தொடாதீர்கள், இரண்டு பக்கமும் உங்கள் கைதான் போட வேண்டும். நன்றாக வந்ததும் இடுக்குப்புள்ளி 5, 3 வரை என்று மாற்றிப் பாருங்கள், 3, 4, 5, 4, 3 வரிசை, வளைவுகளின் கோணம் மாறும், கை மறுபடி திணறும்.

ஒரு நிபந்தனை: பயிற்சிப் பக்கங்களில் அன்டூ கிடையாது. ஒவ்வொரு கோட்டையும் பத்து முறை அழித்துப் போட்டால் பத்தாவது கோடு நன்றாக இருக்கும், கை மட்டும் அப்படியே இருக்கும். பக்கத்தை நிரப்புங்கள், தேதி போட்டுச் சேமியுங்கள், அடுத்த பக்கம்.

அழுத்தத்துக்குத் தனிப் பயிற்சி தமிழ் எழுத்து. ட, ப, ம போன்ற நேர்கோடு அதிகம் உள்ள எழுத்துகளில் தொடங்குங்கள், கீழே இறங்கும்போது அழுத்தி, மேலே ஏறும்போதும் படுக்கையாகப் போகும்போதும் தளர்த்தி. பிறகு வ, ய, ல. கடைசியாக ழ, ஞ, ஐ. சுழி ஆரம்பிக்கும் இடத்தில் மெல்லிய கோடு, வளைவின் முதுகில் தடிமன், முடிவில் மறுபடி மெல்லியது என்று ஒரே வீச்சில் வர வேண்டும். புதுச்சேரியில் இருப்பவர்களுக்கு ஒரு யோசனை: நீல நிறத்தில் வெள்ளை எழுத்தாகத் தமிழிலும் பிரெஞ்சிலும் தெருப்பெயர் எழுதிய பலகைகள் இருக்கின்றனவே, அதில் ஒன்றைப் போட்டோ எடுத்துவந்து பார்த்து வரையுங்கள். சட்டம் நேர்கோட்டுப் பயிற்சி, எழுத்து வளைவுப் பயிற்சி, இடைவெளி கண் பயிற்சி. திருமண அழைப்பிதழ், கடைப் பலகை வேலைக்குப் போக நினைப்பவர்களுக்கு இது நேராகவே சோறு போடும்.

தினமும் அரை மணி நேரம் போதும், ஆனால் தினமும். ஞாயிற்றுக்கிழமை மட்டும் மூன்று மணி நேரம் உட்காருகிறவருக்கு ஒவ்வொரு ஞாயிறும் முதல் நாளாகவே இருக்கும்.

முதல் படம்

கோலம் மூடுகிறது, எழுத்து தடுமாறாமல் வருகிறது என்றால் படத்துக்குப் போகலாம். பார்க்காமல் கற்பனையில் வரையாதீர்கள், நீங்களே எடுத்த ஒரு போட்டோவை வைத்து வரையுங்கள். மஞ்சள் சுவரும் காகிதப் பூவும் எல்லோரும் வரைவதுதான், நான் பிள்ளைகளை வைசியாள் வீதிப் பக்கம் அனுப்புவேன். அங்கே தெருவோரத் தாழ்வாரம், மரத்தூண், ஓடு, திண்ணை எல்லாம் நேர்கோடாகவும் திரும்பத் திரும்ப வரும் வடிவமாகவும் இருக்கின்றன, புதுக் கைக்கு ஏற்றது. கடலூர்ப் பிள்ளைகளுக்கு முதுநகர் துறைமுகப் படகுகள். படகின் பக்கவாட்டு வளைவு ஒரே நீள வீச்சில் வர வேண்டும், பார்க்க எளிது, வரைய அப்படி இல்லை.

போட்டோவை அடி லேயரில் வைத்து அதன் ஒபாசிட்டியை (ஒளிபுகாத் தன்மையை) 40 சதவீதத்துக்குக் குறையுங்கள். மேலே புதிய லேயர், பென்சில் பிரஷ். முதல் முறை அதன் மேலேயே பெரிய வடிவங்களை மட்டும் தடம் பிடித்து வரையுங்கள்: தூண் ஒரு செவ்வகம், கூரை ஒரு சாய்ந்த நாற்கரம், நிழல் ஒரு முக்கோணம். ஓட்டை ஓடாக எண்ணி வரைய வேண்டாம். தடம் பிடித்து வரைவது ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வார்கள், கற்கும்போது அது கண்ணுக்குப் பாடம்தான், அதை உங்கள் சொந்தப் படம் என்று வெளியே காட்டாதவரை. முடித்ததும் அந்த லேயரையும் போட்டோவையும் மறைத்துவிட்டு, போட்டோவைப் பக்கத்தில் தனி ஜன்னலில் வைத்துக்கொண்டு, அதே படத்தை வெறுந்தாளில் இரண்டாம் முறை வரையுங்கள். முடிந்த பிறகு முதல் லேயரைத் திறந்து இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்று பாருங்கள். எங்கே விலகியதோ அதுதான் உங்கள் அடுத்த வாரப் பயிற்சி. நடுநடுவே எம் அழுத்திப் படத்தைத் திருப்பிப் பாருங்கள், சாய்வு எதுவும் இருந்தால் உடனே கண்ணில் படும்.

வண்ணத்துக்குக் கோட்டு லேயருக்கு அடியில் ஒரு லேயர், அதில் தட்டையான நிறம் மட்டும். அதன் மேல் இன்னொரு லேயர், அதன் கலப்பு முறையை மல்டிப்ளை (அடியில் உள்ள நிறத்தைக் கருமையாக்கிக் காட்டுவது) என்று வைத்து நிழல். நிழலுக்குக் கறுப்பை எடுக்காதீர்கள். போட்டோவில் வெயில் படும் மஞ்சள் சுவரையும் நிழலில் இருக்கும் அதே சுவரையும் கலர் பிக்கரால் (தொட்ட இடத்தின் நிறத்தை எடுக்கும் கருவி) தொட்டுப் பாருங்கள், நிழல் மஞ்சள் வெறுமனே கறுத்துப் போயிருக்காது, மங்கி, நிறமே கொஞ்சம் வேறு பக்கம் போயிருக்கும், வானத்தின் நீலம் அதில் விழுவதால். இதைக் கண்ணால் ஒரு தடவை பார்த்துவிட்டால் வண்ணம் போடும் விதமே மாறிவிடும்.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை, புயல், கரண்ட் போகும் மாதங்கள். டெஸ்க்டாப் வைத்திருப்பவர்கள் கிரிட்டாவின் ஃபைல் செட்டிங்கில் ஆட்டோசேவ் இடைவெளியை 3 நிமிடத்துக்குக் குறைத்துவிடுங்கள். மூலப்படத்தை எப்போதும் கிரிட்டாவின் சொந்த வடிவில் சேமித்து, அனுப்புவதற்கு மட்டும் பிஎன்ஜி எடுங்கள், பிஎன்ஜியில் லேயர்கள் இருக்காது, லேயர்கள் போய்விட்டால் திருத்த முடியாது.

அடிக்கடி வரும் சிக்கல்கள்

கர்சர் பேனாவிலிருந்து தள்ளியோ, திரையின் ஒரு பகுதிக்குள் மட்டுமோ நகர்ந்தால் டிரைவரில் மானிட்டர் தேர்வையும் விண்டோஸின் டிஸ்ப்ளே ஸ்கேலிங்கையும் பாருங்கள். பேனா மவுஸ் மாதிரி இழுத்து இழுத்து நகர்கிறது என்றால் டிரைவரில் மவுஸ் மோட் தெரியாமல் போட்டிருக்கிறது, பென் மோடுக்கு மாற்றுங்கள். நேற்று வேலை செய்த அழுத்தம் இன்று காலை இல்லை, இரவில் விண்டோஸ் அப்டேட் ஆகியிருக்கிறது என்றால் டிரைவரை நீக்கி மறுபடி நிறுவுங்கள். கோடு தொடங்கும் இடத்தில் சின்னக் கொக்கி விழுந்தால் பேனாவைச் செங்குத்தாக இறக்கிவிட்டுப் பிறகு நகர்த்துகிறீர்கள். நகரும்போதே இறங்குங்கள், விமானம் தரையைத் தொடுவது போல.

பேனா முனை பிளாஸ்டிக்தான், தேயும். ஒரு பக்கம் சப்பையாகி விளிம்பு கூர்மையானதும் மாற்றிவிடுங்கள், இல்லையென்றால் பலகையைக் கீறும். பெட்டியில் மாற்று முனைகளும் முனையைப் பிடுங்கும் சின்ன வளையமும் இருக்கும், தொலைக்காமல் வையுங்கள். பேனாவைப் பலகையின் மேலேயே படுக்கப் போட்டுவிட்டு எழுந்து போகாதீர்கள், கர்சர் ஆடிக்கொண்டே இருக்கும், கீழே விழுந்தால் முனைக்குப் பின்னால் இருக்கும் அழுத்த உணரி கெட்டுப்போகும். கேபிளைப் பலகையோடு சுற்றிக் கட்டி வைக்கும் பழக்கத்தையும் விடுங்கள், சொருகும் இடம்தான் முதலில் தளரும்.

கம்ப்யூட்டரே இல்லை, ஃபோன்தான் இருக்கிறது என்கிறவர்கள் ஓடிஜி இணைப்பு (ஃபோனில் வெளிக்கருவியைச் செருக உதவுவது) வைத்துப் பழகலாம், ஹூயான், எக்ஸ்பி-பென் மாடல்கள் பல ஆண்ட்ராய்டோடு சேரும், வாங்கும் முன் அந்த மாடல் சேருமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். ஃபோனை நிமிர்த்திப் பிடித்தால் பலகையின் ஒரு சிறு பகுதிதான் வேலை செய்யும் என்பது மட்டும் தெரிந்திருக்கட்டும். ஐபிஸ் பெயிண்ட் என்ற வரையும் ஆப் அதில் போதுமானது.

இவ்வளவு பழகிய பிறகு ஸ்கிரீன் உள்ள டேப்லெட் வாங்கலாமா என்று கேட்பார்கள். நுணுக்கமான கோட்டு வேலை, காமிக்ஸ், தினமும் பல மணி நேரம் என்று போகிறவர்களுக்கு அது உதவும். மற்றபடி சுவரோவியம் போல் வண்ணம் தீட்டுகிறவர்களும் போட்டோ திருத்துகிறவர்களும் வருஷக்கணக்கில் ஸ்கிரீன் இல்லாத பலகையிலேயே சம்பாதிக்கிறார்கள். உங்கள் சிக்குக் கோலம் இன்னும் மூடவில்லை என்றால், அந்தப் பணத்தை இப்போது செலவழிக்காதீர்கள்.